தந்தை மறந்தார், மகன் மறக்கலாமா?

கொழும்புக் கோட்டையிலே புறப்படும் புகைவண்டி, மலைகளைச் சுற்றியும் குடைந்தும் ஏறி வந்து, ஈற்றிலே இளைப்பாறும் இடம் பதுளை. 1924 ஆம் ஆண்டிலே இங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை இதற்கு அப்பாற் செல்லவில்லை. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை எனச் சுற்றிலும் பரந்து கிடக்கும் தோட்டங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் இந்த நிலையத்திலேதான் பெற்றோரைப் பிரிந்து வண்டியேறினார்கள். அவர்களுட் சிலர் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தவறாமல் வருகிறார்கள். சிலர் இழவுக்கு மட்டும் வருகிறார்கள். சிலர் வருவதேயில்லை.

வராதவர்களைப் பற்றியே இன்று எழுதுகிறேன். அவர்களைத் தடுத்து நிற்பது தூரமன்று, பழைய மனத்தாங்கல். அந்த மனத்தாங்கல் தீருமுன்னே தந்தையின் நினைவு தீர்ந்துபோய்விட்டால் மகன் என்ன செய்வது? இதுவே நாம் இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

ஒரு மகனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவனுக்குப் பெயர் வேண்டாம். அவனைப் போன்றவர் பலர். 1990 ஆம் ஆண்டளவில் அவனுக்கு வயது 16. மேலே படிக்க விரும்பினான். தகப்பனாரோ, "படிச்சது போதும், தோட்டத்துல பேரைப் பதி" என்றார். வாய்ச்சண்டை முற்றிற்று; தகப்பனாரின் கையும் நீண்டது. அன்றிரவே பையன் ஓர் உடுப்புப் பையுடன் பதுளைக்கு நடந்தான். கொழும்பிலே ஒரு கடையில் எடுபிடியாக நின்றான். பின்னர் சொந்தமாகவே சிறு கடை வைத்தான். தாயாரின் மரணத்துக்கு வந்தவன் தகப்பனாருடன் ஒரு வார்த்தையும் பேசாது திரும்பினான். "அவர் முதலில் ஒரு சொல் சொல்லட்டும்" என்று அவனும், "விட்டுப் போனவன் அவன்தானே" என்று அவரும் காத்திருக்க, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஒருநாள் தங்கை தொலைபேசியிலே அழைத்தாள். "அண்ணே, அப்பாவுக்கு ஆளுங்களை அடையாளம் தெரியல்லே. ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க" என்றாள். மகன் புறப்பட்டான். வண்டியில் வரும்போதே தான் பேச வேண்டியவற்றையெல்லாம் மனத்துள் ஒழுங்குபடுத்திக்கொண்டான். ஏன் அடித்தீர்கள் என்று கேட்பதா? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா? முடிவு காணுமுன்னே லயம் வந்துவிட்டது. இஸ்தோப்பிலே கம்பளியைப் போர்த்துக்கொண்டு கிழவர் உட்கார்ந்திருந்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்:

"என்ன தம்பி, இன்னும் இங்கேயே நிக்கிறே? கப்பலுக்கு நேரமாகலையா?"

மகன் திகைத்தான். எந்தக் கப்பல்? யார் தம்பி? முதலில் அவன் நெஞ்சில் எழுந்தது ஐயமே. பழைய வன்மத்தால் தன்னைத் தெரியாதவர்போல நடிக்கிறாரோ என்று நினைத்தான்.

கப்பலேறிய தம்பி

இக்காட்சி கற்பனையே. ஆயினும், அந்தக் கப்பல் கற்பனையன்று.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதை மாணவர்கள் அறிவார்கள். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதிலே தீர்மானிக்கப்பட்டது. அந்த எஞ்சியவர்களையும் 1974 ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

கணக்கிலே மனிதரைப் பங்கிடலாம். குடும்பத்தைப் பங்கிட்டால் என்னவாகும்? அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்றாயிற்று. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றவர்களை வழியனுப்பிய நிலையங்களில் ஒலித்த அழுகையை மூத்தோர் இன்றும் சொல்லுவர். அந்த வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே மக்கள் பெயரிட்டிருந்தனர். போனவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. 1984 ஆம் ஆண்டிலே அக்கப்பற் போக்குவரத்தும் நின்றுபோயிற்று.

நம் கிழவருக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தான் என்று கொள்வோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டை அவருடைய நினைவிலே இப்பொழுது இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பிரிவோ நேற்றுப்போல இருக்கிறது. எதிரே நிற்கும் மகனின் முகத்திலே தம்பியின் சாயலைக் காண்கிறார். அவர் நடிக்கவில்லை, அவருடைய காலம் பின்னோக்கிச் சென்றுவிட்டது.

மறதி வேறு, நோய் வேறு

வயது ஏற ஏற, வைத்த பொருளை மறப்பதும் தெரிந்தவர் பெயர் உடனே வாய்க்கு வராமற்போவதும் இயல்பு. திறப்பை வைத்த இடத்தை மறப்பது முதுமை; திறப்பு எதற்கு உதவுவது என்பதையே மறப்பது நோய். இந்நோய்த் தொகுதியை வைத்தியர்கள் டிமென்ஷியா என்பர். தமிழிலே முதுமை மறதி நோய் என்று வழங்குகிறோம். ஆனால் இது முதுமையின் கட்டாய விளைவன்று. மூளையைத் தாக்கும் நோயே ஆகும்.

ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் என்பவர், பிராங்போர்ட் நகரிலே 1901 ஆம் ஆண்டு முதல் தாம் கவனித்த ஒரு பெண்மணியின் நோயைப் பற்றி 1906 ஆம் ஆண்டு நவம்பரில் அறிஞர் கூட்டமொன்றிலே விளக்கினார். அப்பெண்மணி இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, நரம்புக் கலங்களுக்கிடையே படிவுகளையும் கலங்களுக்குள்ளே முறுக்கிய நார்களையும் அவர் கண்டார். 1910 ஆம் ஆண்டிலே அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மறதி நோயாளரில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேர்வரை அல்சைமர் நோயே உடையவர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூளையின் குருதிக் குழாய்கள் அடைபடுவதால் வருவது இன்னொரு வகை. 2021 ஆம் ஆண்டிலே உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என்கிறது அந்நிறுவனம். நம் நாட்டிலே ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் இருக்கக் கண்டது.

புதிய செய்திகளைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலிலே தாக்குகிறது. ஆகையால் காலையில் உண்ட றொட்டி மறந்துபோகிறது. இளமையிற் கற்ற தொழில் நினைவில் நிற்கிறது. பிரெஞ்சு அறிஞர் தியோடூல் றிபோ என்பவர் 1881 ஆம் ஆண்டிலேயே இந்த ஒழுங்கை எடுத்துக்காட்டினார். பின்னே வந்தது முன்னே போகும். முன்னே வந்தது பின்னே போகும்.

லயத்திலே நடப்பது என்ன?

இந்நோய் தோட்டத்துக்கு வரும்போது தோட்டத்தின் உடையையே உடுத்து வருகிறது. விடியுமுன் கிழவர் எழுந்துவிடுகிறார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்கிறார். கவ்வாத்துக் கத்தியைத் தேடுகிறார். எந்நாளோ இறந்துபோன கங்காணி தம் பெயரைக் கூப்பிட்டு விட்டாரென்று பதைக்கிறார். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளாயின என்று மகள் சொன்னால் சினக்கிறார். கதவு திறந்திருந்தால் பனியிலே மலைக்கு நடந்துவிடுகிறார்.

அயலார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லுகின்றனர். ஒருவர் பேய் என்கிறார்; ஒருவர் செய்வினை என்கிறார்; வயதானால் இப்படித்தான் என்று வேறொருவர் கையை விரிக்கிறார். இவற்றால் வைத்தியரிடம் செல்லும் காலம் வீணாகிறது. எல்லா மறதியும் தீராத மறதியன்று என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைவு, வைற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டு உள்ளே குருதி கட்டுதல் ஆகியனவும் மறதி நோய்போலத் தோற்றலாம். இவற்றைச் சிகிச்சையாற் சீர்ப்படுத்த இடமுண்டு. ஆகவே பதுளை அரசாங்க வைத்தியசாலைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்று சோதிப்பித்தல் பிள்ளைகளின் முதற் கடமை.

இதிலே இன்னொரு துயரமும் உண்டு. ‘லான்செற்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024 ஆம் ஆண்டிலே, இந்நோயைத் தூண்டுவனவும் நம்மால் திருத்தக் கூடியனவுமான 14 காரணங்களை வகுத்துத் தந்தது. அவற்றைக் களைந்தால் நூற்றுக்கு 45 பங்கு நோயைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இளமையிற் கல்வி குறைதல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மதுப்பழக்கம், செவிப்புலன் குறைதல், தனிமை என்பன அப்பட்டியலில் உள்ளன. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேலே வகுப்பில்லாது போன ஒரு தலைமுறையை நினைத்துப் பாருங்கள். தந்தைக்குக் கிடைக்காத கல்வியையே மகன் கேட்டான். அதுவே சண்டைக்கும் காரணமாயிற்று!

மகளின் நிலையையும் பார்க்க வேண்டும். அவள் கொழுந்தெடுக்கச் சென்றால்தான் அன்றைக்குப் பேர் விழும். கைக்குழந்தை இருந்தால் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்லலாம். குழந்தையாகிவிட்ட தகப்பனை விட்டுச் செல்ல அதுபோன்ற இடம் வழக்கத்தில் இல்லை. வராத மகனின் பங்கையும் சேர்த்துச் சுமப்பவள் இத்தகைய மகளே. அவளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

மன்னிப்புக் கேட்ட மகள்

தந்தையோடு பகைத்த பிள்ளை, நோயுற்ற தந்தையிடம் திரும்பிய வரலாறு உலகறிந்த குடும்பமொன்றிலும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் றேகன், தமக்கு அல்சைமர் நோய் கண்டிருப்பதை 1994 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி நாட்டு மக்களுக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதி அறிவித்தார். அவருடைய மகள் பற்றி டேவிஸ், தந்தையின் அரசியலை வெளிப்படையாக எதிர்த்தவர். அணுவாயுத எதிர்ப்பு இயக்கத்திலே நின்றவர். தந்தையின் குடும்பப் பெயரை விடுத்துத் தாயின் பெயரைச் சூடியவர். 1992 ஆம் ஆண்டிலே வீட்டின் மனக்கசப்புகளையெல்லாம் நூலாகவே எழுதி வெளியிட்டவர்.

அவரே நோய்ச் செய்திக்குப் பின் தந்தையிடம் திரும்பினார். 2004 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே றேகன் காலமாகும்வரை நீண்ட அந்த விடைபெறுதலை அருகிருந்து கண்டார்; அதைப்பற்றி அவ்வாண்டிலேயே ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் 2011 ஆம் ஆண்டிலே, இத்தகைய நோயாளரின் குடும்பத்தார் கூடி மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு குழுவையும் தொடங்கினார். பழைய நூலை எழுதியதற்காக, தந்தையோடு இன்னும் உரையாட முடிந்த காலத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக 2023 ஆம் ஆண்டிலே பத்திரிகைக் கட்டுரையொன்றில் அவர் குறிப்பிட்டார்.

பற்றி டேவிஸ் பாக்கியசாலி; சொல்லுக்குப் பொருள் இருந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். நம் கதையின் மகன் தாமதித்துவிட்டான். அவன் மன்னிப்புக் கேட்டாலும், எதற்கென்று கிழவருக்குத் தெரியாது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எதிர்பார்த்தாலும் அது இனிக் கிடைக்காது. கடன் பத்திரமே எரிந்துபோனபின் யார் யாருக்குக் கடனாளி?

நினைவு போனாலும் உணர்ச்சி நிற்கும்

"என்னைத் தெரியாதவரிடம் நான் போய் என்ன பயன்?" என்று இத்தகைய பிள்ளைகள் கேட்பதுண்டு. இதற்கு விடையாக ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார் 2014 ஆம் ஆண்டிலே அல்சைமர் நோயாளர் 17 பேருக்குத் துயரமூட்டும் படத் துணுக்குகளையும் மகிழ்வூட்டும் துணுக்குகளையும் காட்டினர். சிறிது நேரத்துக்குள் நோயாளர் கண்டவற்றைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஆனால் துயரமும் மகிழ்ச்சியும் அவர்களை விட்டு அகலவில்லை. மறதி மிகுந்தவரிடத்தே துயரம் நெடுநேரம் தங்கிற்று என்பதுங் கூட அவ்வாய்விலே தெரிந்தது.

இதன் பொருள் என்ன? நீ வந்ததை அவர் மறப்பார். நீ வந்ததால் உண்டான ஆறுதல் அவருள்ளே நிற்கும். நீ அதட்டியதை மறப்பார். அந்த அச்சம் காரணம் தெரியாமலே அவரை வாட்டும். நினைவென்னும் கணக்கேடு அழிந்தபின்னும் அன்பு வரவிலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகையால், "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று பரீட்சை வைத்தல் ஆகாது. "அந்தத் தம்பி என்றோ போய்விட்டார்" என்று திருத்துவதும் ஆகாது. இழவுச் செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வதற்கு அஃது ஒப்பாகும். "கப்பலுக்கு நேரம் இருக்குது, வாங்க, தேத்தண்ணி குடிப்போம்" என்றால் அவர் மனம் அமையும். அவர் அறிந்த தொழிலைப் பற்றி அவரைப் பேசவிடலாம். கையிலே ஒரு பிடி கொழுந்தைக் கொடுக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவும் உறக்கமும், இரவிலே ஒரு சிறு வெளிச்சம், அடுப்புக்கும் வாசலுக்கும் ஒரு காவல் ஆகிய இவை மருந்துக்கு நிகராக உதவும். நோயைச் சிறிது தணிக்கும் மருந்துகள் உண்டு. நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கவனிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேற் சுமத்தியிருக்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரவும் அதில் வழியுண்டு. சட்டம் பணத்தை வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார ஒருவரை வாங்கித் தராது. மகன் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால் அவன் கடமை முடியாது. மாதத்தில் சில நாளாவது வந்து, தங்கையின் தோளிலிருந்து பாரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சண்டையின் வேர்

இனி நம் கதைக்குத் திரும்புவோம். மகன் ஒரு வாரம் தங்கினான் என்று வைத்துக்கொள்வோம். தம்பியாகவே தன்னைக் கருதி அவர் பேசுவதைக் கேட்டான். "போகாதே தம்பி, இங்கே பேர் இருக்குது, காம்பரா இருக்குது, அங்கே யாரு இருக்கா?" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் நாள் இரவு மகனுக்கு ஏதோ விளங்கிற்று.

தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்திலே காம்பரா. நாடற்றவராயிருந்த ஒரு மனிதருக்குத் தோட்டப் பதிவிலே இருந்த பெயர் ஒன்றே இந்தப் பூமியில் அவருக்கிருந்த பிடி. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சிறப்பேற்பாட்டுச் சட்டம் 1988 ஆம் ஆண்டிலே வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னேதான் வீட்டில் சண்டை நடந்தது. பேரைப் பதி என்று தகப்பன் அடித்துச் சொன்னது மகனுடைய படிப்பின்மேற் கொண்ட பகையாலன்று. புறப்பட்டுப் போனவர் திரும்பி வரமாட்டார் என்ற அச்சம் அது. தம்பியைக் கொண்டுபோன வண்டி மகனையும் கொண்டுபோய்விடும் என்று அவர் அஞ்சினார். அஞ்சியவாறே ஆயிற்று.

அவர் அடித்தது சரியென்று நான் சொல்லவில்லை. படிக்க விரும்பிய பிள்ளையின் பக்கமே நியாயம் இருந்தது. பட்ட காயம் பொய்யென்று சொல்லி எந்தப் பிள்ளையையும் நாம் வற்புறுத்தலாகாது. ஆனால் காயத்தைக் கொடுத்த கைக்குள்ளே வேறொரு காயம் இருந்தது என்பதை அறிந்தால், நெஞ்சின் பாரம் சிறிது குறைகிறது. நினைவோடிருந்த காலத்திலே தகப்பனார் ஒருபோதும் சொல்லாததை, நினைவு தவறிய பின்னர் சொல்லிவிட்டார். நோய் சண்டையை அழித்துவிட்டது. சண்டைக்கு வேராயிருந்த அச்சத்தை வெளியே எடுத்துக் காட்டிற்று. செவி கொடுத்துக் கேட்பதற்கு ஒரு மகன் அருகிலே இருக்க வேண்டும், அவ்வளவே.

மகாபாரதத்தின் யயாதி கதையை மாணவர்கள் படித்திருப்பார்கள். தம் முதுமையை ஏற்றுக்கொள்ளும்படி அவன் மைந்தரை ஒவ்வொருவராகக் கேட்டான். நால்வர் மறுத்தனர், இளையவனாகிய பூரு ஏற்றுக்கொண்டான். பூரு தன் இளமையைக் கொடுத்துத் தந்தையின் முதுமையை வாங்கினான். நம் காலத்து மகனிடம் அத்துணை பெரிய தியாகத்தை யாரும் கேட்கவில்லை. தந்தை இழந்த நினைவைத் தான் ஏற்று வைத்துக்கொண்டாற் போதும். அவர் மறந்த தம்பியின் ஊரையும், அவர் கவ்வாத்து வெட்டிய மலைகளையும், அவர் பட்ட பாட்டையும் மகன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். தந்தை மறந்தார்; மகன் மறக்கலாகாது. மறக்க வேண்டியது ஒன்றே: யார் முதலிற் பேசுவது என்ற வழக்கு.

வாசக அன்பர்களே, உங்களிலும் யாரேனும் அத்தகைய ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பீர்களானால் இனியும் காத்திராதீர்கள். பதுளைக்கு வண்டி நாள்தோறும் வருகிறது. தந்தையின் நினைவு எந்நாளும் காத்திராது.